நீர்த்தொட்டி அளவீடும் கணினிக் கணிப்பும் பொருந்தவில்லை

கேள்வி (ஆய்வு மாணவர், பாளையங்கோட்டை):
வணக்கம். 3 மெகாஹெர்ட்ஸ் மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) நீரில் குவிவதைக் கணினியில் உருவகப்படுத்தி, பின்பு ஆய்வகத் தொட்டியில் 1 மி.மீ. விட்டமுள்ள ஹைட்ரோஃபோனால் (நீருக்குள் ஒலியழுத்தத்தை அளக்கும் கருவி) அளந்தேன். உச்ச அழுத்தம் கணிப்பைவிடக் குறைவாக உள்ளது, 150 மி.மீ. தொலைவில் அலையும் முந்தியே வந்துசேர்கிறது. கணிப்பில் ஒலிவேகம் நொடிக்கு 1482 மீட்டர். எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி (தென்காசி):
தம்பி, 1482 என்பது 20 டிகிரி நீருக்குரியது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியை எளிதில் எட்டும். அப்போது வேகம் ஏறத்தாழ 1509 ஆகிவிடுவதால், அந்தத் தொலைவிலேயே 1.8 மைக்ரோவிநாடி, அதாவது ஐந்து அலைச்சுற்றுகளுக்கும் மேல், வேறுபாடு வரும். நீரின் வெப்பநிலையை அளந்தீர்களா?

மறுமொழி (வள்ளியூர்):
உச்சம் குறைவதற்கு ஹைட்ரோஃபோனின் அகலமே முதன்மைக் காரணமாக இருக்கலாம். இங்கு அலைநீளம் அரை மி.மீ. மட்டுமே, ஆகையால் கருவி ஒரு புள்ளியின் அழுத்தத்தை அல்லாமல், தன் முகப்பு முழுவதன் சராசரியையே காட்டுகிறது. கணிப்பிலும் அதே பரப்பில் சராசரி எடுத்த பிறகே ஒப்பிடுங்கள். பொருந்தும்வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிவிடாதீர்கள். அது சோதனையே ஆகாது. குழாய் நீரைக் கொதிக்கவைத்து, காற்றுக் கலக்காமல் ஆறவிட்டு ஊற்றுவதும் நல்லது, குமிழிகள் அலையைச் சிதறடிக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று அளந்தபோது நீர் 30 டிகிரியில் இருந்தது. வேகத்தை மாற்றியதும் வருகை நேரம் பொருந்திவிட்டது. சராசரிக் கணக்கை நாளை தொடங்குகிறேன்.