மறுமொழி: மேகத்துக்குப் பேச்சில் வேலை சொல்வதற்கு என்ன பெயர்?

ஐயா, அனைவருக்கும் வணக்கம். மேகக் கணிமையில், அதாவது இணையம்வழி வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில், பேச்சுமொழியிலேயே வேலை சொல்லிச் செய்ய வைப்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதானே கேள்வி.

> 'ஏவல் முகவர்' என்று வைக்கலாமா? பயனர் ஏவுகிறார், முகவர் செய்து முடிக்கிறது. இலக்கணத்தில் உள்ள சொல்தானே.

இலக்கணத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செந்தூலில் இருக்கும் என் பெரியம்மாவிடம் 'ஏவல்' என்று சொன்னால், அடுத்து 'பில்லி, சூனியம்' என்றுதான் அவர் வாயில் வரும். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஏவிவிட்டால் போய்ச் செய்யும், எதிர்க்கேள்வி கேட்காது; அந்தச் சொல்லுக்கு உயிரே அதில்தான். நாம் பெயர் வைக்கப் பார்க்கும் பொருள் அப்படிப்பட்டதல்ல.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களும் குழுவில் உள்ளதால் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'சோதனைக்கு ஒரு சர்வர் வேண்டும், தரவு மலேசியாவுக்குள்ளேயே இருக்கணும், இராத்திரியில் அணைஞ்சிருக்கணும்' என்று தமிழிலோ, மலாய் கலந்த ஆங்கிலத்திலோ எழுதுகிறோம். செயற்கை நுண்ணறிவு முகவர் அதைப் படித்து, எந்தக் கருவியைக் கூப்பிடலாம் என்று தானே முடிவுசெய்து, சர்வர்களை நிரல்வழி அமைத்துத் தரும் டெர்ராஃபார்ம் போன்ற கருவிக்கான நிரலை எழுதுகிறது. நாம் 'மலேசியாவுக்குள்ளே' என்று சொன்னதை 'ஏபி-சவுத்ஈஸ்ட்-5' என்ற வட்டாரக் குறியீடாக (அமேசான் மேகத்தில் சர்வர்கள் இருக்கும் இடத்தின் பெயராக) மாற்றுவதும் அதன் வேலை. அமேசானின் மலேசிய வட்டாரம் 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. அதற்கு முன் நம்மில் பலருக்குச் சிங்கப்பூர்தான். நம் வட்டாரத்தில் எழுதிய பழைய எடுத்துக்காட்டுகள் பல சிங்கப்பூர்க் குறியீட்டோடு இருக்கும். முகவர் அதையே போட்டுவிட்டாலும் சர்வர் நன்றாக ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கும்போதுதான் தெரியும்.

ஆக, அது கட்டளையை நிறைவேற்றுவதற்கு முன் நம் பேச்சுக்குப் பொருள் கொள்கிறது. 'பழைய சர்வர்களை எடுத்துடு' என்று எழுதினால் எது பழையது? எடுப்பது என்றால் நீக்குவதா, நகல் எடுப்பதா? நம் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவருக்குப் புரியும். முகவர் ஊகிக்கத்தான் செய்யும். 'ஏவல்', 'கட்டளை', 'ஆணை' மூன்றையும் நான் வேண்டாம் என்பது இதனால்தான். கட்டளை என்று பெயர் வைத்தால், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளை, தான் சொன்னதுதான் நடக்கும் என்று நம்பிவிடும்.

> தோட்டத்துச் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறதே: கங்காணி. துரை சொல்வதைக் கேட்டு ஆட்களைப் பிரித்து வேலை வாங்குபவர். சோழர் கல்வெட்டிலேயே 'கண்காணி' உண்டு. 'மேகக் கங்காணி' நம் மண்ணின் சொல்லாக இருக்கும்.

பினாங்கு அண்ணன் இதை எழுதியபோது முதலில் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துவிடும் கங்காணியின் வேலை இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. துரை 'அந்தப் பக்கத்தை முடிங்க' என்று மொட்டையாகச் சொன்னாலும் அதை ஆள்வாரியாகப் பிரிப்பவர் அவர்தான். ஆனாலும் இரண்டு தடை. ஒன்று, 1938இல் இந்திய அரசு தடைபோடும் வரை ஊரிலிருந்து ஆள்பிடித்துக் கொண்டுவந்தவரும் அவரே. முன்பணக் கடன், தலைக்காசு என்று எத்தனை குடும்பத்தில் அந்தப் பெயருக்கு இன்னும் கசப்பு இருக்கிறது. கலைச்சொல் பட்டியலில் அதை ஓசைக்காகத் தூக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது தொழில் சார்ந்தது. 'கண்காணிப்பு' என்பதை நாம் ஏற்கெனவே சர்வரின் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்குக் கொடுத்துவிட்டோம். கண்காணிப்பது ஒன்று, கங்காணி இன்னொன்று என்றால் ஆவணம் எழுதுபவர் பாடு திண்டாட்டம்.

'முகவர்' இருக்கட்டும். காப்புறுதி முகவர், வீட்டு முகவர் என்று நம்மூரில் தேய்ந்த சொல்தான். ஆனால் ஒருவர் சார்பில், அவர் கொடுத்த அதிகாரத்துக்குள் செயல்படுபவர் என்ற பொருள் அதில் முழுதாக இருக்கிறது. அதிகாரம் என்பது இங்கே உவமை இல்லை. எந்தச் சாவியை அதன் கையில் கொடுத்தீர்களோ அந்தச் சாவி திறக்கும் கதவு வரைதான் முகவர் போக முடியும். படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் படிக்க மட்டும்தான்.

கேட்பதற்கு 'வேண்டுரை' என்று முன்மொழிகிறேன். 'கோரிக்கை' நல்ல சொல், ஆனால் உலாவி சர்வரிடம் அனுப்புவதற்கு அதைப் பயன்படுத்திவிட்டோம். 'வேண்டுதல்' என்றால் பத்துமலைக்குக் காவடி எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். 'அறிவுரை', 'பரிந்துரை' போல 'வேண்டுரை' ஒட்டிக்கொள்ளும். முறைமைக்கு மொத்தப் பெயராக 'உரைவழி மேலாண்மை'. நிரலாக எழுதிக் கட்டமைப்பதை 'நிரல்வழிக் கட்டமைப்பு' என்கிறோம் அல்லவா, அதன் தங்கை.

இவ்வளவு நேரம் எழுதியது உண்மையில் அடுத்த சொல்லுக்காகத்தான். டெர்ராஃபார்ம் எதையும் தொடுவதற்கு முன் ஒரு 'பிளான்' காட்டும். கூட்டல் குறி போட்டது உருவாகும், கழித்தல் குறி போட்டது அழியும், அலைக்குறி போட்டது இருந்த இடத்திலேயே மாறும். கழித்தலும் கூட்டலும் சேர்ந்து வந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். இந்தக் கடைசிக் குறிதான் ஆளைக் கவிழ்ப்பது. நாம் ஒரு சின்ன அமைப்பைத்தான் மாற்றச் சொல்லியிருப்போம்; அதை இருந்தபடியே மாற்ற வழியில்லை என்பதால் தரவுத்தளமே போய்ப் புதிதாக, காலியாக வரும். வேண்டுரையில் 'அழி' என்ற சொல்லே இருந்திருக்காது. 2025 ஜூலையில், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு நிரல் முகவர் ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தை அழித்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். நிறுத்திவை என்பதும் அதற்கு ஒரு வேண்டுரைதான், பூட்டு அல்ல. முகவர் படிக்கும் சர்வர் பதிவேட்டின் வரிக்குள்ளேயே வெளியாள் ஒருவன் 'இதையும் செய்' என்று எழுதி வைக்கலாம் என்பது வேறு. (ஏவலைத் திருப்பிவிடுவது என்று பெரியம்மா சொல்வது இதுதான் போலும்.)

எனவே அந்தப் 'பிளானு'க்கு அழுத்தமான தமிழ்ச்சொல் வேண்டும். 'திட்டம்' என்றால் நம் நாட்டில் பதின்மூன்றாவது மலேசியத் திட்டம் வரைக்கும் போய்விடும், 'புரோஜெக்ட்'டுக்கும் அதுவே. 'முன்காட்சி' வேறொன்றுக்குப் போய்விட்டது. நான் சொல்வது 'முன்வரைவு'. முகவர் முன்வரைவைக் காட்டும், மனிதர் ஒப்புதல் தருவார், பிறகு செயலாக்கம்.

கோலாலம்பூரிலிருந்து,
உங்கள் தங்கை

———

தங்கைக்கு,

கங்காணியை விட்டுவிடுகிறேன். என் தாத்தா கூலிம் பக்கம் தோட்டத்தில் செக்ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) பெயர் பதிந்தவர். நீ சொன்ன பிறகு அவரை நினைத்தேன், போதும்.

'வேண்டுரை' பிடித்திருக்கிறது. 'முன்வரைவு' கொஞ்சம் ஏட்டுத் தமிழாக இருக்கிறது. இங்கே பாயான் லெப்பாஸில் எங்கள் பையன்கள் 'பிளானைக் காட்டு' என்றுதான் சொல்வார்கள், நாளைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். ஆவணத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு உறுத்துவது 'ஒப்புதல்'. முகவர் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை முன்வரைவைக் கொண்டுவந்து நீட்டும். மதியம் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வந்தவன் பாதியைப் படிக்காமலே 'சரி' தட்டுவான். அதற்கு மேல், டெர்ராஃபார்மிலேயே 'ஆட்டோ அப்ரூவ்' என்று ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் யாரிடமும் கேட்காது. தமிழில் 'தானியங்கி ஒப்புதல்' என்று எழுதிவிடுவோம், கேட்க வசதியாகவும் இருக்கும். யாரும் ஒப்பவே இல்லையே, அப்புறம் எப்படி ஒப்புதல்? 'கேளாச் செயலாக்கம்' என்று வை. படிப்பவனுக்கு ஒரு நொடி கை தயங்கும்.

பினாங்கிலிருந்து,
அண்ணன்

———

இருவருக்கும் வணக்கம்.

'கேளாச் செயலாக்கம்' அருமை. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: முகவர், வேண்டுரை, முன்வரைவு, ஒப்புதல், செயலாக்கம், கேளாச் செயலாக்கம், முறைமைக்கு உரைவழி மேலாண்மை. 'ஏவல்', 'கங்காணி' இரண்டும் விலக்கப்பட்டவை என்று காரணத்தோடு குறிப்பில் இருக்கும், அடுத்த ஆண்டு யாராவது மறுபடி கொண்டுவருவார்கள்.

மேகமா முகிலா என்று தனிமடலில் கேட்டவருக்கு: சித்த மருத்துவத்தில் 'மேகம்' நோயின் பெயர் என்பது எனக்கும் தெரியும். 'மேகக் கணிமை' பரவிவிட்டது, இனி அதைக் கிளற வேண்டாம்.

தங்கை கேட்காமல் விட்ட ஒன்று: அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் அந்த இரட்டைக் குறி. 'மாற்றீடு' என்று எழுதினால் அழிவு மறைந்துவிடுகிறது. 'அழித்தமைத்தல்' என்று போட்டிருக்கிறேன். ஓசை சரியில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு சொல்லோடு எழுதுங்கள்.