மறு: ஒளியுணர் பொருளா, ஒளிதுலங்கு பொருளா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் விழாவுக்கு, சூரிய மின்கலம் பற்றிய பதாகையை வியாழன் மாலைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒளி பட்டதும் தன் பண்பை மாற்றிக்கொள்ளும் பொருள்களுக்குப் பொதுப்பெயர் கேட்டேன். வந்த மடல்களில் பாதி நெருஞ்சியைப் பற்றியவை. ஞாயிற்றின் பக்கம் முகம் திருப்பும் அப்பூவைச் சங்கப் புலவர்கள் பாடியது உண்மைதான். அதற்காக 'நெருஞ்சிப் பொருள்' என்று எழுதினால், ஐந்தாம் ஆண்டு மாணவன் காலில் குத்தும் என்றுதான் நினைப்பான்.

பெரும்பாலோர் விரும்பும் 'ஒளியுணர் பொருள்' வினைத்தொகையாக அழகாகவே நிற்கிறது. ஆனால், இப்பொருள்களின் வேலை உணர்தலோடு முடிவதில்லை. வெயிலில் கருத்து நிழலில் தெளியும் மூக்குக்கண்ணாடியில், வெள்ளிக் குளோரைடு ஒளியால் சிதைந்து நுண்ணிய வெள்ளித் துகள்களைத் தருகிறது. மின்கலத்திலோ ஒளி எலக்ட்ரானை விடுவித்து மின்னோட்டமாக ஓட வைக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தூண்டல், அதற்கு எதிர்வினையான துலங்கல் என்பவை வகுப்பிலேயே பழகிய சொற்கள். மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி, என்றழைக்கும் தூங்குமூஞ்சி மரம் பொழுது சாயும்போது இலை மடக்குவதை அவர்கள் திடலோரத்திலேயே பார்க்கிறார்கள். ஆகவே 'ஒளிதுலங்கு பொருள்' என்கிறேன்.

மின்கலப் பொருளான பெரோவ்ஸ்கைட்டின் பெயரைத் தமிழாக்கும் முயற்சியை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். 1839இல் யூரல் மலையில் கிடைத்த கனிமத்துக்கு ரஷ்யர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். அதே படிக அமைப்புள்ள சேர்மத்தைக் கொண்டு 2009இல் ஜப்பானில் செய்த மின்கலம் விழுந்த ஒளியாற்றலில் 3.8 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகங்களில் அது 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. இத்தனை வளர்ச்சிக்கும் அந்தப் பெயர் தடையாக இருக்கவில்லை. முனியாண்டியை யாராவது மொழிபெயர்ப்பார்களா?

---

ஐயா, வணக்கம்.

குத்துவிளக்கைத் துலக்கினால் அது துலங்கும். துலங்குதலுக்கு ஒளிர்தல் என்பதே முதற்பொருள். 'ஒளிதுலங்கு பொருள்' என்று கண்டால் நான் ஒளிரும் பொருள் என்றே படிப்பேன். அதே பெரோவ்ஸ்கைட்டிலிருந்து ஒளியுமிழும் விளக்குகளும் செய்கிறார்களே, அவற்றை என்னவென்று அழைப்பீர்கள்? முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு உடன்பட இயலவில்லை.

---

ஐயா அவர்களுக்கு,

தாங்கள் சொல்வது சரியே. வேற்றுமை உருபை விரித்து, 'ஒளிக்குத் துலங்கும் பொருள்' என்று எழுதிவிட்டேன். தலைப்பு ஒரு வரியில் அடங்கவில்லை என்று அச்சகத்தார் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்.

---

'ஒளியுணர்' என்றிருந்தால் அடங்கியிருக்கும். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.