யாழ்ப்பாண ஹோட்டல் கதையில தவறணைக்கு இடமில்லையோ?

கோட்டையடி: பழைய யாழ்ப்பாண ஹோட்டல்களைப் பற்றித் தொடர் எழுதப்போறன் எண்டு போன கிழமை சொன்னனான். கோட்டைக்குப் பக்கத்தில இருந்த றெஸ்ற் ஹவுஸ், மலாயன் கபே, ஞானம்ஸ், சுபாஷ். கடைசி ரெண்டிலயும் சண்டைக்குப் பிறகு ஆமி வருசக்கணக்கா இருந்தது, அதுக்கே தனிப் பகுதி வேணும். கள்ளுத் தவறணையையும் சேர் எண்டு ஒரு தம்பி ஒற்றைக்காலில நிக்கிறார். குடிக்கிற இடமெல்லாம் ஹோட்டலோ?

வடலி: அந்தத் தம்பி நான்தான் அண்ணை. லண்டனில 200 வருசத்துப் பப்புக்கு முன்னால நிண்டு படம் எடுத்துப் போட்டது நீங்கள்தானே? அங்கையெண்டா வரலாறு, இங்கையெண்டா வெறிக்கொட்டிலோ? தவறணை எண்ட சொல்லே பறங்கியள் விட்டுட்டுப் போனது. பனையோலையில பிளா மடிச்சு, கள்ளை வாங்கி, நுரையை ஊதி விலக்கிப்போட்டு ஒரு இழுவை இழுத்துப் பாத்தியளோ?

செல்லம்மாபேத்தி: ஊதி விலக்கினது காணும். அம்மம்மாவின்ர காப்பு, சங்கிலி எல்லாம் அடகுகடைக்குப் போனது அந்தப் பிளாவாலதான். நுரையைப் பற்றிக் கவிதை எழுதிறவை பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டு வாசலில நிண்டு பாத்திருக்கவேணும்.

தளநார்: அக்கா சொல்லுறதை மறுக்கேல்லை. ஆனா நான் பனையேறிக் கள்ளுச் சீவின தொழிலாளியின்ர மகன். அப்பா கருப்பணிக்கெண்டு, அதுதான் புளிக்காத பதநீருக்கெண்டு, சில முட்டிக்குச் சுண்ணாம்பு தடவுவார். தடவாத முட்டி மரத்திலயே புளிச்சு, இறக்கேக்க இரையும். அந்தக் கள்ளைக் குடிக்க வளவுக்கு வந்த ஐயாமார், அப்பா ரவுணில ரீ குடிக்கப்போனா சாதி பாத்துப் பக்கத்தில இருக்க விடமாட்டினம். கடைக்காரன் வாசலில வைச்சுப் போத்தலுக்க ஊத்திக் குடுப்பான். 1957இல சாதி பாத்து மறிக்கிறதுக்கு எதிராச் சட்டம் வந்தும் கதவு திறக்கேல்லை. 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்தில இருந்து ஊர்வலம் போய், பொலிஸிட்ட அடி வாங்கி, பிறகும் தேநீர்க்கடைப் பிரவேசம் எண்டு எத்தினை வருசம் இழுபட்டது! உங்கட தொடரில அந்தப் போத்தல் வருமோ?

கோட்டையடி: வரும். நான் யோசிக்காமல் விட்டது பிழைதான். ஆனா அது ஹோட்டல் கதை, தவறணைக் கதை இல்லையே.

தளநார்: ரெண்டும் ஒரே கதை அண்ணை. உள்ள ஆர் இருக்கலாம், வெளிய ஆர் நிக்கவேணும் எண்டதுதானே? எழுபதுகளில கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் எங்கட ஆக்கள் தாங்களே தவறணை நடத்தினவை.

வடலி: கேட்டியளோ அண்ணை? பனங்கள்ளுக் காலம் முடியமுதல் எழுதுங்கோ. எல்லாரும் ஒருநாள் தவறணையில இருந்து கதைப்பம்.

செல்லம்மாபேத்தி: எல்லாருமோ? என்னை எங்க இருத்துவியள்?