வியாழக்கிழமை முதல் உரை: பேச்சுப் பயிற்சி கிளப்பில் தொடர்வதா, விலகுவதா?

கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து இங்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நாலு பேர் நடுவில் ஆங்கிலத்தில் பேச வேண்டி வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் இரண்டு மாதங்களுக்கு முன் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்பின் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். பின்வரிசையில் அமர்ந்து கேட்டதைத் தவிர இதுவரை எதுவும் செய்யவில்லை. இப்போது ஐஸ் பிரேக்கர் எனப்படும் முதல் உரைக்கு என் பெயரைப் போட்டுவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு என்னைப் பற்றி நானே பேச வேண்டும். என் வாழ்க்கையில் சொல்லும்படி எதுவும் இல்லை. மூன்று இரவுகளாகத் தூக்கமும் இல்லை. மார்ச் 31ஆம் தேதிக்குள் அடுத்த ஆறு மாதச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. அடுத்த மாதம் அலுவலகத்தில் ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) முடிவும் வருகிறது. இந்தக் கிளப்பால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது வியாழனுக்கு முன்பே விலகிவிடுவது நல்லதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை

தம்பி, எந்தக் காரணத்துக்காகவும் விலகாதீர்கள். நான் கனடாவின் ஸ்கார்பரோவுக்கு 2009 ஜனவரியில் வந்து இறங்கியவன். புதுச்சேரியில் ஸ்வெட்டர் என்ற ஒன்றையே தொடாதவனுக்கு மைனஸ் இருபது டிகிரியில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிடங்கில் இரவு வேலை. பகலில் பேசுவதற்கு ஒரு மனிதர் இல்லை. சில நாட்களில் நன்றி என்பதைத் தவிர வேறு சொல் என் வாயிலிருந்து வந்திருக்காது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு நூலகத்தின் அறையில் கூடிய கிளப்புக்கு விருந்தினராகப் போனேன். அடுத்த கூட்டத்திலேயே, பேசுகிறவர்களுக்கு நேரத்தை வண்ணங்களால் காட்டும் டைமர் பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். எந்த நிமிடத்தில் பச்சை, எந்த நிமிடத்தில் மஞ்சள், எந்த நிமிடத்தில் சிவப்பு என்று எழுந்து விளக்குவதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். நீங்களும் உங்கள் உரையை எழுதி, ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாரம் ஒரு பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள்.

பாரதிபூங்கா

மேலே சொன்ன ஐயாவிடம் மரியாதையுடன் மாறுபடுகிறேன். மனப்பாடம் வேண்டவே வேண்டாம். நான் அப்படிச் செய்து, மூன்றாவது நிமிடத்தில் ஒரு வாக்கியம் நழுவியதும் அதற்குப் பின்னால் இருந்த அனைத்தும் சேர்ந்து நழுவி, மேடையில் ஒரு நிமிடம் முழுதும் வாய் திறக்காமல் நின்றேன். சொல்ல வேண்டிய மூன்று செய்திகளை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லை. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த 1962இல் என் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்ததால் எனக்குப் பிறப்பிலேயே அந்தக் கடவுச்சீட்டு கிடைத்தது, ஆனால் மொழி கிடைக்கவில்லை. பாரிஸுக்கு வந்த முதல் ஆண்டில் வங்கியிலும் குழந்தையின் பள்ளியிலும் வாய் பேச முடியாமல் நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அப்போது ஆங்கிலக் கிளப் ஒன்றில் ஓராண்டைக் கழித்தேன். அந்த ஓராண்டை பிரெஞ்சு மொழியில் நடக்கும் கிளப்பில் கழித்திருந்தால் வேலை எவ்வளவோ முன்பே கிடைத்திருக்கும். நீங்கள் இருக்கும் ஊரின் மொழி ஆங்கிலம் இல்லையென்றால் அந்த ஊர் மொழியில் நடக்கும் கிளப்பைத் தேடுங்கள்.

நெல்லிக்குப்பம்

நான் துபாயில் மூன்று ஆண்டுகள் உறுப்பினராக இருந்து விலகியவன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 அமெரிக்க டாலர். 2023 அக்டோபருக்கு முன் இது 45 ஆக இருந்தது. கிளப்பின் சொந்தக் கட்டணம் தனி. இவ்வளவும் கட்டிவிட்டுப் போனால், யார் எதைப் பேசினாலும் கைதட்டுகிறார்கள்; முதலில் ஒரு பாராட்டு, நடுவில் பட்டும் படாமலும் ஒரு குறை, கடைசியில் மீண்டும் ஒரு பாராட்டு. என் உரை எங்கே தளர்ந்தது என்று மூன்று ஆண்டுகளில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த நான்கு பேரே மாறி மாறிப் பேசினார்கள். அந்தப் பணத்துக்குத் தனியாக ஒரு பயிற்சியாளரிடம் சில மணி நேரம் கற்றிருக்கலாம்.

முத்தியால்பேட்டை

அந்தக் குறை எனக்கும் உண்டு. என் பெயரை மூன்று முறை சொல்லவைத்து, மூன்றாவது முறையும் தவறாகவே அறிமுகப்படுத்திய கூட்டங்கள் எத்தனையோ. நான் சொன்ன கருத்தை விட்டுவிட்டு என் உச்சரிப்பைப் பற்றியே மூன்று நிமிடம் மதிப்பீடு செய்தவரும் உண்டு.

பாரதிபூங்கா

இதற்கு வேர் நம் பள்ளியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பேச்சுப் போட்டி என்றால் ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். நாம் கையை ஆட்டி ஒப்பித்துப் பரிசு வாங்குவோம். சொந்தமாக நினைத்ததை எழுந்து நின்று சொல் என்று எவரும் நம்மிடம் கேட்டதில்லை. பட்டிமன்றத்தை இரவு முழுவதும் விழித்திருந்து கேட்ட ஊரில் பிறந்தும் நமக்குப் பேச வரவில்லை என்றால் அது நம் குற்றம் மட்டும் இல்லை.

நெல்லிக்குப்பம்

பள்ளியில் ஆங்கிலத்தில் தவறாகப் பேசியதற்கு வகுப்பே சிரித்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் இன்றும் ஒவ்வொரு மேடையிலும் எனக்குக் கேட்கிறது.

தேவனாம்பட்டினம்

இந்த வருத்தங்கள் அனைத்தும் உண்மையானவை. ஆனால் கேட்டவருக்கு வியாழக்கிழமைக்குள் விடை வேண்டும் என்பதால் அங்கே திரும்புகிறேன். நான் சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுக் கடலூருக்கே வந்துவிட்டவன். அங்கே ஒரு கிளப்பில் ஓராண்டு கல்வித் துணைத் தலைவராக இருந்தேன். யார் எந்தக் கூட்டத்தில் பேசுவது என்ற பட்டியலைப் போடுபவர் அவர்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இருபது பேர் உள்ள கிளப் மாதம் இரு முறை கூடி, ஒவ்வொரு முறையும் மூன்று பேர் தயாரித்த உரை நிகழ்த்தினால், ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கு உரைகூட முழுதாக வராது. ஓர் உரை ஏழு நிமிடம் என்றாலும், ஆண்டு முழுவதும் தவறாமல் வந்தவர் உரைக்காக மேடையில் நின்ற நேரம் அரை மணிக்கும் குறைவு. உரையை மட்டும் எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்துதான் போவார். ஓரிரு நிமிடம் எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொல்லும் டேபிள் டாபிக்ஸ், இரண்டு மூன்று நிமிடத்தில் இன்னொருவர் உரையை மதிப்பிடுவது, டைமர், தடுமாற்ற ஒலிகளை எண்ணும் ஆ கவுண்டர் ஆகியவற்றில்தான் மீதிப் பயன் முழுவதும் இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் நம்மைத் திணற வைப்பது தயாரித்த உரை அல்ல, திடீரென்று நம் பக்கம் திரும்பும் கேள்விதான்; ஆகவே உங்கள் சிக்கலுக்கு டேபிள் டாபிக்ஸ்தான் நேரான மருந்து.

ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ.யில் இதைத் தொடங்கியதிலிருந்தே, முறை வைத்துப் பேசுவதும் ஒருவரையொருவர் மதிப்பிடுவதும்தான் இதன் உயிர். இங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் இல்லை. நெல்லிக்குப்பம் ஐயா சொன்ன வெறும் பாராட்டு மதிப்பீடு பெரும்பாலும் எதனால் வருகிறது என்றால், எதைக் கவனிக்க வேண்டும் என்று பேசுகிறவர் முன்கூட்டியே சொல்வதில்லை. உரைக்கு ஒரு நாள் முன்பு உங்கள் மதிப்பீட்டாளருக்கு எழுதுங்கள்: நான் வாக்கியத்தின் முடிவில் குரலை விழுங்குகிறேனா என்பதை மட்டும் பாருங்கள் என்று. கேட்டது ஒன்றாக இருந்தால் பதிலும் திட்டமாக வரும்.

இப்போது ஒரு கேள்வி. வாரநாளில் மதியம் பன்னிரண்டரை மணிக்குக் கூடுவது பெரும்பாலும் அலுவலகத்துக்குள் நடக்கும் கிளப்தான். உங்களுடையதும் அப்படியா? அந்த அறையில் உங்கள் மேலாளர் இருக்கிறாரா? இன்னொன்று, நீங்கள் கடலூர் என்கிறீர்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் எங்கே இருந்தீர்கள்?

கெடிலக்கரை

ஐயா, நான் இவற்றை எழுதாமல் விட்டது என் தவறு, மன்னிக்கவும். நான் தம்பி அல்ல, தங்கை. இருப்பது மான்செஸ்டரில். கிளப் எங்கள் அலுவலகத்துடையது. சந்தாவை நிறுவனமே கட்டுகிறது. என் ப்ரொபேஷனை முடிவு செய்யும் மேலாளர்தான் வியாழக்கிழமை என் மதிப்பீட்டாளர். நான் தூங்காமல் இருப்பதற்கு உண்மையான காரணம் அதுதான், அதை எழுதத் தயக்கமாக இருந்தது.

தானே புயல் அடித்த அன்று நான் பண்ருட்டி அருகே தாத்தா வீட்டில் இருந்தேன். எட்டாம் வகுப்பு. விடிந்து காற்று ஓய்ந்தபின் வெளியே வந்தால், எப்போதும் நிழலாக இருக்கும் முந்திரித் தோப்பின் இடத்தில் வானம் தெரிந்தது. தாத்தா ஒன்றும் பேசாமல் விழுந்த மரங்களை விரலால் எண்ணிக்கொண்டே நடந்தார்.

நெல்லிக்குப்பம்

மேலாளர் மதிப்பீட்டாளர் என்றால் வியாழன் வேண்டாம், தங்கை. ப்ரொபேஷன் முடியும் வரை உடல்நிலை சரியில்லை என்று சொல்லித் தள்ளிவையுங்கள்.

தேவனாம்பட்டினம்

பொய் சொல்லித் தள்ளிவைக்க வேண்டியதில்லை, அம்மா. கல்வித் துணைத் தலைவருக்கு இன்றே ஒரு வரி எழுதுங்கள்: முதல் உரைக்கு என் நேரடி மேலாளர் அல்லாத ஒருவரை மதிப்பீட்டாளராகப் போட முடியுமா என்று. நான் அந்தப் பொறுப்பில் இருந்தபோது இப்படி இரண்டு பேர் கேட்டார்கள். காரணம்கூடக் கேட்காமல் மாற்றினேன். மேலாளர் கேட்பவர்களில் ஒருவராக இருக்கட்டும். மதிப்பெண் போடும் இடத்தில் அவர் இல்லை என்றாலே பாதி பயம் குறையும்.

பேச வேண்டியதை நீங்களே எழுதிவிட்டீர்கள். வேலையைப் பற்றிப் பேசினால் உங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் அந்த அறையில் இருப்பார்கள். முந்திரித் தோப்பைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் மான்செஸ்டரில் அந்த அறையில் இருக்க வாய்ப்பில்லை. கொட்டை பழத்துக்கு உள்ளே இல்லாமல் அடியில் தொங்கும் என்பதைச் சொல்லித் தொடங்குங்கள். பலருக்கு அது புதிது. பிறகு அந்த விடியற்காலை, தாத்தாவின் விரல், அங்கிருந்து நீங்கள் வந்த வழி. ஐஸ் பிரேக்கருக்கு நான்கு முதல் ஆறு நிமிடம். நான்கில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. நிதானமாகப் பேசினால் 550 ஆங்கிலச் சொற்கள் போதும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், நடுப்பகுதிக்கு அட்டை. இரண்டு ஐயாக்கள் சொன்னதிலும் பாதி பாதி சரி.

வியாழன் கடந்ததும், மாலையில் கூடும் வெளிக் கிளப் ஒன்றுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அலுவலகத்தார் எவரும் இல்லாத அறையில் தடுமாறிப் பழகுவது வேறு வகையான விடுதலை. பிடித்திருந்தால் இரண்டிலும் உறுப்பினராக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சந்தா.

பாரதிபூங்கா

தங்கை ஆங்கிலம் பேசும் ஊரில் இருப்பதால் நான் மொழியைப் பற்றிச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அட்டையைப் பற்றிச் சொன்னது பொருந்தும்.

கெடிலக்கரை

வெள்ளிக்கிழமை காலை எழுதுகிறேன். மதிப்பீட்டாளரை அன்றே மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் பத்து வினாடி பேசினேன். ஆ கவுண்டர் பதினான்கு என்றார். வாக்கிய முடிவில் குரலை விழுங்குவது உண்மைதான் என்றும், தாத்தா மரங்களை எண்ணும் இடத்தில் மட்டும் விழுங்கவில்லை என்றும் மதிப்பீட்டாளர் சொன்னார். மேலாளர் கூட்டம் முடிந்ததும் வந்து, அந்தத் தோப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். மீண்டும் நட்ட கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன என்றேன். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் டேபிள் டாபிக்ஸுக்கும், அதற்கு அடுத்ததில் டைமருக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு வெளிக் கிளப்புக்குப் போகிறேன். விருந்தினராகப் போனால் அங்கே பேசச் சொல்வார்களா?

தேவனாம்பட்டினம்

உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள், டேபிள் டாபிக்ஸுக்கு விருப்பமா என்றும் கேட்கலாம். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நீங்கள் சரி என்றே சொல்லுங்கள், அம்மா.