தன்பாலீர்ப்பாளர்கள் பட்டாளத்தில் மறைக்காமல் இருக்கலாமா?

கேள்வி (வேலூர் மாவட்டம்)

எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. என் தம்பியும் தரைப்படையில் நாயக் (சிப்பாய்க்கு மேல் உள்ள ஒரு பதவி). போன லீவில் வந்தபோது வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தது. என்னைத் தனியாக அழைத்து, தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று சொன்னான். அவனை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. 2018 தீர்ப்புக்குப் பிறகு இது குற்றமில்லை என்கிறார்கள். அப்படியானால் படையில் இதை மறைக்காமல் இருக்க முடியுமா? இருக்க விடுவதுதான் சரியா? பட்டாளத்தில் இருந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

பதில் (வழக்கறிஞர்)

சகோதரி, இப்போதைக்குத் தம்பி யூனிட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தளர்த்தியது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் மாறவில்லை. அதன் 46ஆம் பிரிவின்படி, 'இயற்கைக்கு மாறான' இழிசெயலுக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசமைப்பின் 33ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. அந்தச் சட்டம் செயலைத்தான் தண்டிக்கிறது, ஈர்ப்பை அல்ல. ஆனாலும் பேச்சு வெளியே போனால் விசாரணை எந்தப் பக்கம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

பதில் (முன்னாள் ஹவில்தார்)

அக்கா, உங்கள் தம்பி மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் பட்டாளம் அலுவலகம் அல்ல. ஒரே பாரக்கில் படுக்கிறோம், ஒரே இடத்தில் குளிக்கிறோம். பனியில் பங்கருக்குள் உடம்போடு உடம்பு ஒட்டித்தான் உறங்குகிறோம். அங்கே ஒருவன் வெளிப்படையாகச் சொன்னால் பக்கத்தில் படுப்பவனுக்குச் சங்கடம். தரைப்படைத் தலைவராக இருந்த ஜெனரல் பிபின் ராவத்தும் 2019 ஜனவரியில் இதை அனுமதிக்க மாட்டோம் என்றுதான் சொன்னார். கிராமத்திலிருந்து வரும் ஜவான் இதை ஏற்க மாட்டான்.

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார்)

ஹவில்தார் தம்பி, நானும் பனிமலையில் பங்கருக்குள் படுத்தவன்தான். மண்ணெண்ணெய்ப் புகையில் மூச்சுத் திணறும்போது பக்கத்தில் படுத்திருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்ப்போமே தவிர, வேறு எதையும் நினைக்கமாட்டோம். இப்படிப்பட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். என் கம்பெனியில் ஒருவனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள். எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) சுடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. ஏற்கெனவே இருப்பவன் பயந்து வாழ வேண்டுமா என்பதுதான் கேள்வி.

'கிராமத்து ஜவான் ஏற்கமாட்டான்' என்ற பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது. பெண் அதிகாரிகளுக்கு ஓய்வுபெறும் வரை பணி தரும் 'நிரந்தர ஆணை' (பர்மனென்ட் கமிஷன்) வழக்கிலும் அரசுத் தரப்பு இதையே சொன்னது. பெண்ணின் ஆணையை ஏற்கும் மனப்பக்குவம் கிராமத்துச் சிப்பாய்க்கு இல்லையாம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. நான் கிராமத்தான். என் பெயரைச் சொல்லி இன்னொருவனின் வாயை அடைக்க யாருக்கும் உரிமை தரவில்லை. ஊர் டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த காலத்தில், எல்லாச் சாதிக்காரர்களும் லங்கரில் (படையின் பொதுச் சமையற்கூடத்தில்) ஒரே வரிசையில் தட்டோடு நின்றோம். யாரும் எங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை. ஆணை வந்தது, நின்றோம், பழகிவிட்டது.

பிரிட்டனில் தன்பாலீர்ப்பாளர்கள் படையில் இருக்கத் தடை இருந்தது; இராணுவப் போலீஸ் அவர்களைத் துருவி விசாரித்து வெளியே அனுப்பியது. 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்றது. 2000 ஜனவரியில் தடை நீங்கியது. அந்தப் படை குலைந்துவிடவில்லை. 2023இல் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவில் 'கேட்காதே, சொல்லாதே' என்ற விதி (மறைத்தால் படையில் இருக்கலாம், வெளியே சொன்னால் நீக்கம்) 2011 செப்டம்பர் வரை இருந்தது. அதனால் 13,000க்கும் மேற்பட்டவர்களைப் படையிலிருந்து நீக்கினார்கள். ஈராக்கில் போர் நடந்தபோதே அரபு மொழிபெயர்ப்பாளர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எவ்வளவு பெரிய மடத்தனம்!

இன்னொன்று: மறைத்து வாழ்பவனைத்தான் எதிரி மிரட்ட முடியும். எல்லோருக்கும் தெரிந்ததை வைத்து யாரை மிரட்டுவான்?

ஒழுங்கில் எனக்குத் தளர்வு கிடையாது. பதவியைக் காட்டி ஒருவரைத் தொட்டால், தொட்டது யாராயினும், ஆணோ பெண்ணோ, கோர்ட் மார்ஷல் (இராணுவ நீதிமன்ற விசாரணை)தான். 46ஆம் பிரிவை அதற்காகத் திருத்தி எழுதட்டும். சம்மதமில்லாத செயலையும் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தண்டிக்கட்டும்.

பதில் (முன்னாள் ஹவில்தார்)

ஐயா, கடைசியில் சொன்னதை ஏற்கிறேன். பாரக் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் லங்கரைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி கேட்டவர்

ஐயா, உங்கள் எழுத்தைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த லீவுக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மா நிற்கிறார்கள். என்ன செய்ய?

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார்)

அம்மா, அதை நிறுத்துங்கள். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது. வீட்டில் காரணம் சொல்வதா வேண்டாமா என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும். பெண் வீட்டாருக்கு மட்டும் இந்த வாரமே 'இப்போது வேண்டாம்' என்று சொல்லி அனுப்புங்கள். யூனிட்டில் ஏதாவது சிக்கல் வந்தால், எழுத்தில் ஒரு வரி கொடுப்பதற்கு முன் மேலே எழுதியிருக்கும் வழக்கறிஞரிடம் பேசச் சொல்லுங்கள்.