பெண்டிங்கில் நின்றுபோன அப்ரூவல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தொடங்குபவர்: சென்னை, சர்வர் ஆபரேஷன்ஸ்

தானாக ஓடுகிற ஒர்க்ஃப்ளோவில் மற்றதெல்லாம் நிமிடத்தில் முடிந்துவிடும். அப்ரூவல் மட்டும்தான் நாள் கணக்கில் நிற்கும். கெடு தாண்டினால் அது யாரிடம் போக வேண்டும் என்பதை எங்கள் டீம் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை காலையில். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

கிளையண்ட் ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி. பிரீமியம் கட்டுகிற வெப்சைட்டின் டிஎல்எஸ் சர்டிபிகேட் (இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டுகிற சான்று) எங்கள் பொறுப்பு. 2020 செப்டம்பர் முதல் 2026 மார்ச் 14 வரை கொடுக்கப்பட்ட சர்டிபிகேட் எதற்கும் ஆயுள் அதிகபட்சம் 398 நாள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். காலாவதிக்கு 30 நாள் முன்னால் ஸ்கிரிப்ட் தானே புது சர்டிபிகேட் வாங்கி வைக்கும், சேஞ்ச் டிக்கெட் போடும், அப்ளிகேஷன் ஓனருக்கு அப்ரூவல் அனுப்பும். அவர் ஓகே கொடுத்தால் அன்று இரவே லோடு பேலன்சரில் (வருகிறவர்களை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புகிற கருவி) ஏற்றிவிடும். அந்த ஒர்க்ஃப்ளோவை எழுதியது நான்தான். இரண்டு வருடம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

அந்த வருடம் அப்ளிகேஷன் ஓனர் வேறு ப்ராஜெக்டுக்கு மாறிவிட்டார். கம்பெனியை விட்டுப் போயிருந்தால் அக்கவுண்ட் முடங்கியிருக்கும், அப்ரூவல் போகாமல் பிழை காட்டியிருக்கும். அவர் உள்ளேயே இருந்ததால் சிஸ்டத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரி. மெயில் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பழைய ப்ராஜெக்ட் மெயில்களை எல்லாம் தனி ஃபோல்டருக்குத் தள்ளுகிற மாதிரி அவர் ரூல் போட்டு வைத்திருந்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

சர்டிபிகேட்டில் காலாவதி நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) 23:59:59. நமக்கு அது விடிகாலை 5:29:59. ஆன்கால் போன் 5:40க்கு அடித்தது. டிக்கெட்டைத் திறந்து பார்த்த அந்த நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேலே நிலை: ‘கோரப்பட்டது’. கீழே ஆக்டிவிட்டி பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ரிமைண்டர் மெயில்கள், தினமும் காலை 9 மணிக்கு ஒன்று, மொத்தம் 29. எல்லாம் ஒரே ஆளுக்கு, ஒரே வாசகத்தோடு. புது சர்டிபிகேட் ஒரு மாதமாக வால்ட்டில் (சர்டிபிகேட்களைப் பூட்டி வைக்கிற பெட்டகம்) தயாராகக் கிடக்கிறது. ஏற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த ‘ஓகே’ பட்டன் என் கையில் இல்லை. பிரிட்ஜ் காலில், அதாவது அவசரத்துக்குக் கூட்டுகிற குழு அழைப்பில், 14 பேர் இருந்தோம். யார் அப்ரூவ் பண்ணலாம் என்று முடிவு செய்யவே முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பிரீமியம் கட்ட வந்தவர்கள் பிரவுசரின் எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

29 ரிமைண்டர் போட்டதை நான் எஸ்கலேஷன் என்றே நம்பியிருந்தேன். அது எஸ்கலேஷன் இல்லை. பதில் சொல்லாத ஆளிடமே திரும்பத் திரும்பக் கேட்டால் அது நினைவூட்டல் மட்டும்தான். எஸ்கலேஷன் என்றால் முடிவு எடுக்கிற உரிமை இன்னொருவர் கைக்குப் போக வேண்டும்.

இப்போது இப்படி வைத்திருக்கிறோம். ஐந்தாவது நாள் வரை ஓனர். அதற்குள் பதில் இல்லாவிட்டால் அவருடைய மேனேஜரும் பேக்கப் ஓனரும் சேர்ந்து வருவார்கள், யார் ஓகே சொன்னாலும் போதும். பத்தாவது நாள் மெயிலை நிறுத்திவிட்டு சர்வீஸ் டெஸ்க்கில் ஒரு மனிதரிடம் வேலை விழும், அவர் போன் போட்டுப் பேச வேண்டும். காலாவதிக்கு ஏழு நாள் இருக்கும்போது சேஞ்ச் மேனேஜரிடம் போய்விடும். பெயர் மாறாத, கீ அளவு மாறாத வழக்கமான புதுப்பித்தல்களை ஸ்டாண்டர்ட் சேஞ்ச் ஆக்கிவிட்டோம். அதாவது முறையை ஒரு தடவை மொத்தமாக அப்ரூவ் செய்து வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டாம். ஐடிஐஎல் என்கிற ஐடி சேவை நிர்வாக வழிமுறையைப் படித்தவர்களுக்கு இது பழைய பாடம், எங்களுக்குத்தான் செய்யத் தோன்றவில்லை.

இதை இப்போதே எழுதக் காரணம் இருக்கிறது. சிஏ பிரவுசர் ஃபோரம் (சர்டிபிகேட் கொடுப்பவர்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த அமைப்பு) 2025 ஏப்ரலில் முடிவு செய்தபடி சர்டிபிகேட் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். 47 நாள் ஆயுளுக்கு 30 நாள் அப்ரூவல் காத்திருப்பு எப்படிப் பொருந்தும்? வருடத்துக்கு ஒருமுறை வந்த சிக்கல் மாதா மாதம் வரப்போகிறது. உங்கள் இடத்தில் என்ன நடந்தது?

கோவை, பவர் ஆட்டோமேட் அட்மின்

எங்கள் கதை வேறு மாதிரி. சாஃப்ட்வேர் லைசன்ஸ் கேட்கிற ஃபார்ம், அதிலிருந்து மேனேஜருக்கு அப்ரூவல், ஓகே ஆனால் லைசன்ஸ் தானாக ஒதுக்கப்படும். ஒரு டிசைனர் பெண் நேரில் வந்து, “அண்ணா, மேனேஜர் ஓகே பண்ணி ஒரு வாரம் ஆச்சு, இன்னும் வரலை” என்றார். பார்த்தால் அப்ரூவலில் பச்சை டிக் இருக்கிறது, லைசன்ஸ் இல்லை.

மைக்ரோசாஃப்டின் ஒர்க்ஃப்ளோ டூலான பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ ரன், அதாவது ஒர்க்ஃப்ளோவின் ஒரு ஓட்டம், 30 நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. மேனேஜர் ஓகே அழுத்தியது 34வது நாள். அவர் பக்கத்தில் கோரிக்கை அப்படியே இருந்தது, அழுத்தினார், பதிவும் ஆனது. அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த ரன் நான்கு நாள் முன்பே முடிந்துபோயிருந்தது. இருவருமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள், நடுவில் கேட்க ஆள் இல்லை. தேடிப் பார்த்தபோது இதே போல 9 கோரிக்கைகள் கிடந்தன. ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார்.

சரிசெய்வது கடினமில்லை. அப்ரூவல் படியின் செட்டிங்கில் டைம்அவுட் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் பி2டி என்று போட்டால் இரண்டு நாள். அடுத்த படிக்கு ‘முந்தையது டைம்அவுட் ஆனால் மட்டும் ஓடு’ என்று சொல்லி, அங்கே மேனேஜரின் மேனேஜருக்குப் புது அப்ரூவல் அனுப்புகிறோம்.

அங்கேயும் ஒரு தவறு செய்தேன். பி2டி என்பது கடிகாரத்தின் 48 மணி நேரம், வேலை நாள் கணக்கு அதற்குத் தெரியாது. வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கு வந்த கோரிக்கை ஞாயிறு சாயங்காலம் மேலதிகாரிக்குப் போய்விட்டது. திங்கள் காலை டீம் லீட் என்னிடம் வந்து, “லீவு நாள்ல நான் வேலை செய்யலைன்னு மேல கம்ப்ளைண்ட் போகுதே” என்று கேட்டபோது முகம் வாடியிருந்தது. அவர் கேட்டது நியாயம். பொங்கல் வாரத்தில் இப்படி நடந்திருந்தால் பாதி ஆபீஸ் மேல் புகார் போயிருக்கும். இப்போது ஷேர்பாயிண்டில் விடுமுறைப் பட்டியல் ஒன்று வைத்து, கெடு தேதியை அதிலிருந்து கணக்குப் போடுகிறோம். எஸ்கலேஷன் மெயிலில் ‘பதிலளிக்கவில்லை’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். ‘இந்தக் கோரிக்கைக்கு இப்போது உங்கள் முடிவு தேவை’ என்று மட்டும் வரும்.

சிங்கப்பூர், கிளவுட் அட்மின், நைட் ஷிப்ட்

சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் அக்கவுண்ட் நிர்வாக சேவையான என்ட்ரா ஐடியில் பிம் (தேவைப்படும்போது மட்டும் உயர் உரிமை கொடுக்கிற வசதி) வழியாக உயர் அட்மின் ரோல் கேட்டால் அப்ரூவலுக்கு 24 மணி நேரம்தான். தாண்டினால் கோரிக்கை செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இரவு 2 மணிக்கு ஒரு முக்கியமான சைன்-இன் கோளாறு. ரோல் கேட்டேன். அப்ரூவர் என்று ஒரே ஒருவர் பெயர்தான் போட்டிருந்தது, அவர் விமானத்தில் இருந்தார். அந்த ஒரு பெயரைப் போட்டவர் எல்லாவற்றையும் பாதுகாப்பாக வைக்கத்தான் நினைத்திருப்பார். ஆனால் அங்கே நேரம் போனால் எஸ்கலேட் ஆக இன்னொரு படியே கிடையாது. அவசரத்துக்கென்று சீல் வைத்து வைத்திருக்கிற அக்கவுண்டைத் திறந்துதான் அன்றைக்கு வேலை முடிந்தது. இப்போது ஒவ்வொரு ரோலுக்கும் குறைந்தது மூன்று அப்ரூவர், வேறு வேறு டைம்சோனில்.

மதுரை, இப்போது பெங்களூரு, ஐடி ஆடிட்

மேலே எழுதியவர்களின் வலி புரிகிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாராவது ‘72 மணி நேரத்தில் பதில் இல்லாவிட்டால் தானாக ஓகே’ என்று வைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் பார்த்த ஒரு இடத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்பதால் 2002-ன் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி ஒவ்வொரு வருடமும் ஆக்சஸ் கட்டுப்பாடுகளைச் சோதிக்க வேண்டும். நிதி சிஸ்டத்துக்கு ஆக்சஸ் பெற்றவர்களில் மாதிரிக்கு 25 பேரை எடுத்தேன். 11 பேருக்கு ‘அப்ரூவ் செய்தவர்’ என்ற கட்டத்தில் ‘சிஸ்டம்’ என்று இருந்தது. அதில் ஒருவருக்கு வெண்டார் உருவாக்கவும் உரிமை, பணம் அனுப்பவும் உரிமை. நினைத்தால் போலி வெண்டாரை உருவாக்கி அவரே பணம் அனுப்பிவிடலாம். அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை, சோதித்துவிட்டோம். ஆனாலும் இப்படி ஒரு சேர்க்கையை ஒரு மனிதர் கூடப் பார்க்காமல் கொடுத்திருக்கிறோம் என்பதை அந்த டீமிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரவு பகலாக வேலை பார்க்கிற பிள்ளைகள், பெண்டிங்கைக் குறைக்கத்தான் அப்படி வைத்தார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். கோரிக்கை போட்டவர் ஒரு டைரக்டர். அப்ரூவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், அவர் பதில் சொல்லவில்லை. விதிப்படி அப்ரூவரின் மேனேஜருக்கு எஸ்கலேட் ஆனது. அந்த மேனேஜர் யார் என்றால் கோரிக்கை போட்ட அதே டைரக்டர். இரண்டு படியையும் அவரே முடித்துவிட்டார். எஸ்கலேஷன் எழுதும்போது, அடுத்து போகிற ஆளும் கேட்டவரும் ஒருவர்தானா என்று ஒரு வரி சோதனை கட்டாயம் வேண்டும்.

என் கருத்து இதுதான். ஆக்சஸ் கேட்கிற கோரிக்கைக்குக் கெடு தாண்டினால் முடிவு ‘இல்லை’ என்றுதான் இருக்க வேண்டும், கேட்டவர் திரும்பக் கேட்கட்டும். சென்னைத் தம்பி சொன்ன சர்டிபிகேட் மாதிரி வேலைகளில் தாமதமே நஷ்டம். அங்கே ‘இல்லை’ என்று முடிக்க முடியாது, ஒரு மனிதர் கிடைக்கும்வரை மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே டெம்ப்ளேட் போடாதீர்கள்.

திருச்சி, டெலிவரி மேனேஜர்

எல்லோரும் அனுப்புகிற பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் பெறுகிற பக்கம். என் பெயரில் ஒரு ஃபயர்வால் அப்ரூவல் 12 நாள் நின்றது, அதனால் ஒரு டீமின் கோ-லைவ் (புது சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்கு விடுவது) ஒரு வாரம் தள்ளிப்போனது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஏன் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஆபரேஷன். லீவு போடும்போது டெலிகேட்டாக, அதாவது எனக்குப் பதில் அப்ரூவ் செய்ய, என் சக மேனேஜரை வைத்துவிட்டுத்தான் போனேன். டெலிகேட்டுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. ஐந்து நாள் என்று நினைத்துப் போட்டேன். அப்பாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றவே எட்டு நாள் ஆனது. லீவை நீட்டித்தேன், டெலிகேட்டை நீட்டிக்கத் தோன்றவில்லை. ஆறாவது நாள் முதல் எல்லாம் என் பெட்டிக்கே வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த மெயிலைப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஒரு நீளமான டிக்கெட் எண், ‘உங்கள் அப்ரூவல் நிலுவையில் உள்ளது’, ஒரு லிங்க். லிங்க் விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக இணைகிற வழி) இல்லாமல் திறக்காது. அதே மாதிரி அன்று 40 மெயில். எது கோ-லைவ், எது யாரோ கேட்ட மவுஸ் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்காவது ரிமைண்டரிலும் அதே வரிதான், முன்னால் சிவப்பில் ‘அவசரம்’ என்று மட்டும் சேர்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் டூல் டீமோடு உட்கார்ந்து சப்ஜெக்ட் வரியை மாற்றச் சொன்னேன். இப்போது இப்படி வருகிறது: ‘பேமெண்ட் டீமுக்கு ஃபயர்வால் திறப்பு. வியாழன் மாலை 5க்குள் முடிவு வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளி கோ-லைவ் நிற்கும். கேட்பவர் இன்னார், போன் எண் இது.’ போனிலேயே படித்து, கேட்டவரைக் கூப்பிட்டு, முடிவு சொல்லலாம். லீவு சிஸ்டத்தில் தேதி மாறினால் டெலிகேட் தேதியும் கூடவே மாறும்படி இணைக்கச் சொல்லியிருக்கிறேன், அது இன்னும் நடக்கவில்லை. அப்பா இப்போது நலம்.

தொடங்கியவர்: சென்னை

அப்பா நலம் என்று படித்ததும் நிம்மதி, சார். ஆடிட் அக்கா சொன்ன ‘கேட்டவரே அப்ரூவரா’ சோதனை எங்களிடம் இல்லை, இந்த வாரம் சேர்த்துவிடுகிறேன்.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் சர்டிபிகேட் மெயில் டெம்ப்ளேட்டை இன்றைக்கு மறுபடி திறந்தேன், சார். எஸ்கலேஷன் படிகளை எல்லாம் மாற்றினோமே தவிர மெயிலை ஒருவரும் தொடவில்லை. வெப்சைட்டின் பெயர் எட்டாவது வரியில் இருக்கிறது. காலாவதி நேரம் இன்னமும் யூடிசியில் இருக்கிறது. 15ஆம் தேதி இரவு என்று ஒருவர் நினைத்துக்கொண்டால், டியூட்டியில் இருக்கிற பையனுக்கு அது 16ஆம் தேதி விடிகாலை. வெப்சைட்டின் பெயரை சப்ஜெக்ட்டுக்குக் கொண்டு வந்து, இந்திய நேரத்தையும் கிளையண்ட் நேரத்தையும் பக்கத்தில் சேர்த்து, டெஸ்ட் மெயில் ஒன்றை என் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் வரியிலேயே எல்லாம் தெரிகிறது.