தொட்டி சுழல்கிறதா, பழகுகிறதா?

பொருள்: எளிமுறைச் செடித்தொட்டிக் கையேடு – ‘சைக்கிளிங்’ என்பதற்குச் சொல் வேண்டும்

வணக்கம்.

இரண்டடித் தொட்டிக்கான கையேட்டில் பாதி எழுதியாயிற்று. கரியமில வாயு சிலிண்டர் கிடையாது. அடியில் தோட்டத்து மண், அதன்மேல் சரளை, 10 வாட் எல்.இ.டி., நிறையச் செடி, கொஞ்சம் மீன், அவ்வளவுதான். ‘லோ டெக்’ என்பதற்கு ‘எளிமுறை’ என்று இங்கேயே முடிவு செய்தோம், அதை மறுபடி கிளற வேண்டாம். இப்போது இடிப்பது ‘சைக்கிளிங்’, அதாவது மீன் விடுமுன் புதுத் தொட்டியைத் தயாராக்குவது.

பேசும்போது எல்லாரும் ‘டேங்க்கை சைக்கிள் பண்ணணும்’ என்கிறோம். எழுத்தில் அது ‘தொட்டியைச் சுழற்சி செய்யவும்’ என்று வந்து விழுகிறது. புதிதாகப் படிப்பவர் மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். மூன்று நாள் சுற்றவிடுகிறார், தண்ணீர் பளிங்காகத் தெளிகிறது, மீனை விடுகிறார். அடுத்த சில நாளில் மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கிறது, செவுள் சிவந்துபோகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும்.

வினையாகவும் பெயராகவும் புழங்கக்கூடிய ஒரு சொல் சொல்லுங்கள்.

———

> வினையாகவும் பெயராகவும் புழங்கக்கூடிய ஒரு சொல்

தொகுப்பாசிரியர் அம்மாவுக்கு வணக்கம். புதிதாகக் காய்ச்ச வேண்டியதில்லை. பள்ளிப் பாடநூலிலேயே ‘நைட்ரேட்டாதல்’ இருக்கிறது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன, அது நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது பெருமளவு சேர்ந்தால்தான் தொல்லை. இதைச் செய்யும் பாக்டீரியா போதுமான அளவு பெருகும்வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங். ஆகவே ‘நைட்ரேட்டாக்க நிலைப்படுத்தல்’ என்பது என் முன்மொழிவு.

எந்தச் சொல்லை எடுத்தாலும் ‘இரு படி’, ‘இரு பாக்டீரியா’ என்று அதற்குள் பூட்டிவிடாதீர்கள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் தெரிந்தது. 2015-ல், நைட்ரோஸ்பைராவிலேயே சில வகைகள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாகவே செய்து முடிப்பதைக் கண்டார்கள். பழைய படத்தைப் பார்த்துச் சொல் செய்தால் சொல்லும் பழசாகிவிடும்.

———

> ‘நைட்ரேட்டாக்க நிலைப்படுத்தல்’

ஐயா, வேதியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்தொட்டிக்கு இந்தச் சொல் பொருந்தாது. நீளம் ஒரு காரணம், அது சின்னது. பெரிய காரணம், அந்தத் தொட்டியில் நடப்பதில் பாதியை இது மறைத்துவிடுகிறது.

செடி இல்லாத தொட்டியில் அம்மோனியா முழுவதும் பாக்டீரியாவுக்குத்தான் போக வேண்டும். செடி அடர்ந்த தொட்டியில் அது நேராகச் செடிக்குப் போகிறது. நீர்ச்செடிகளில் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியத்தைத்தான் முதலில் எடுக்கும். நைட்ரேட்டை எடுத்தால் அதைத் திரும்ப அம்மோனியமாக மாற்றச் செடி தன் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். வயல்காரர் கணக்கில் சொன்னால், மீன் போடுவது தழைச்சத்து, செடி அதைச் சுடச்சுடத் தின்கிறது. அதனால் நன்றாக வேரூன்றிய தொட்டியில் நைட்ரேட் அளவு ஏறாமலே போகலாம். ‘நைட்ரேட்டாக்கம்’ என்று எழுதிவைத்தால், படிப்பவர் சோதனைக் குப்பியில் நைட்ரேட்டைக் காட்டும் சிவப்பு வரும் வரும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் நாம் காத்திருப்பது எதற்கு? பாக்டீரியா சரளையிலும் பில்டர் பஞ்சிலும் படிய வேண்டும், செடி வேர்பிடிக்க வேண்டும், மண்ணும் அடங்க வேண்டும். புது மண் முதல் சில வாரம் தானே அம்மோனியாவைக் கக்கும். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வீட்டில் ஏற்கெனவே ஒரு வார்த்தை இருக்கிறது: பழக்குதல். புது மண்சட்டியை வாங்கியதும் குழம்பு வைக்கமாட்டார்கள், வடிகஞ்சி ஊற்றிச் சில நாள் பழக்குவார்கள். தோசைக்கல்லும் அப்படித்தான். பாத்திரம் அதேதான், ஆனால் பழகிய கல்லில்தான் தோசை எழும்பும். தொட்டியும் அதேதான்.

‘தொட்டியைப் பழக்கு’, ‘பழகிய தொட்டி’, ‘தொட்டி இன்னும் பழகவில்லை’ என எப்படித் திருப்பினாலும் நிற்கிறது. கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் பழக்கம் விட்டுப்போகும் அல்லவா? பில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினாலும் அதே கதி. ‘பழக்கம் விட்டுப்போன தொட்டி’ என்று எழுதினால் விளக்கமே வேண்டாம்.

———

> தொட்டியைப் பழக்கு

அண்ணா, கடைப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் நின்று கேட்டால் ‘தண்ணி செட் ஆகணும்’ என்பார்கள், இல்லையென்றால் ‘தண்ணி பழசாகணும்’ என்பார்கள். இரண்டாவது ஆபத்தானது. அதை நம்பிப் பழைய தொட்டித் தண்ணீரை இரண்டு குடம் வாங்கிப்போய் ஊற்றுகிறார்கள். பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது மிகக் குறைவு. பஞ்சு, சரளை, கண்ணாடி, இலையடி என்று ஒட்டிக்கொள்ள இடம் உள்ள எதிலும் அது இருக்கும். பழைய தண்ணீரோடு வருவது நைட்ரேட்டும் நத்தை முட்டையும்தான். ‘தொட்டி பழகணும்’ என்று சொன்னால் பேச்சு தண்ணீரை விட்டுத் தொட்டிக்கு நகர்கிறது. அந்த வகையில் எனக்கும் சம்மதம்.

ஆனால் ஒரு மோதல் இருக்கிறது. மீனையும் ‘தண்ணிக்குப் பழக்குங்க’ என்றுதானே சொல்கிறோம்? கவரை மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி தொட்டித் தண்ணீர் ஊற்றி, அரை மணியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுவது. ஒரே பக்கத்தில் இரண்டு பழக்குதலும் வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார். மீன் வேலைக்கு ‘மிதக்கவிடல்’ என்று வைத்தால் என்ன? கவர் கொடுக்கும்போது எல்லாக் கடையிலும் ‘மிதக்கவிட்டு விடுங்க’ என்றுதான் சொல்கிறார்கள்.

———

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘பழக்கல்’ எங்களுக்கும் விளங்கும், நல்ல சொல். அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடுவது நல்லது. பழகிய தொட்டியின் பஞ்சைக் கொண்டுவந்து புதுத் தொட்டியில் வைத்து விரைவாகப் பழக்குவதை ஆங்கிலத்தில் ‘சீடிங்’ என்கிறார்கள். அதை ‘விதைத்தல்’ என்று யாராவது மொழிபெயர்க்கும் முன் சொல்லிவிடுகிறேன்: செடித்தொட்டியில் விதைப்பது என்றால் விதையைத்தான் நினைப்பார்கள். சரியான சொல் ‘உறை’. நாங்கள் பாலுக்கு உறை போடுவோம், நீங்கள் உறை குத்துவீர்கள் அல்லது பிரை ஊற்றுவீர்கள். உயிருள்ளதைச் சிறிது எடுத்துப் பெரிதில் சேர்ப்பது என்ற கருத்து எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

உறை கெடுகிற விதமும் தயிர்போலத்தான் என்பதால் விதிகளை நினைவில் வைப்பது எளிது. உறையைக் காயவிடக் கூடாது. பஞ்சை எடுத்த தொட்டியின் தண்ணீரிலேயே, பாதி காற்று விட்டுக் கட்டிய பையில் கொண்டுவந்து, சுணங்காமல் புதுத் தொட்டியில் போட வேண்டும். மூச்சுக் காற்று இல்லாமல் மணிக்கணக்கில் கிடந்தால் உறை செத்துவிடும். கெட்ட தயிரில் உறை எடுக்கமாட்டோம். அதுபோல் வெண்புள்ளி நோய் வந்த தொட்டியிலிருந்தும் எடுக்கக் கூடாது. பஞ்சைப் பிழிந்து அந்தப் பழுப்புச் சாற்றை மட்டும் ஊற்றுவது அரை உறை. பஞ்சையே புதுத் தொட்டியில் மூன்று நான்கு கிழமை (வாரம்) ஓடவிடுவதுதான் முழு உறை.

கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ‘மெல்ட்’ என்பதை ‘உருகல்’ என்று எழுதாதீர்கள், ‘இலை கரைதல்’ என்று எழுதுங்கள். எங்கள் தீவுக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி என்ற நீர்ச்செடியை இடம் மாற்றி நட்டால் இலை முழுவதும் கூழாகிப்போகும். வேர்த்தண்டு உறுதியாக இருந்தால் பிடுங்கி எறிய வேண்டாம், சில கிழமையில் புதுத் தண்ணீருக்கு ஏற்ற இலை விடும். கரைந்த இலையை மட்டும் அன்றன்றே எடுத்துவிட வேண்டும். விட்டால் அதுவும் அம்மோனியாதான்.

———

> நன்றாக வேரூன்றிய தொட்டியில் நைட்ரேட் அளவு ஏறாமலே போகலாம்

இதை ஏற்கிறேன். என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். நிகழ்வுக்கு ‘நைட்ரேட்டாதல்’ இருக்கட்டும், நாம் செய்யும் வேலைக்கு ‘பழக்கல்’.

கையேட்டில் விட்டுப்போகக் கூடாத இரண்டு. ஒன்று, அம்மோனியாவின் நஞ்சு பி.எச். (அமில-கார) அளவைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் கொல்லும் வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. 8 என்றால் ஏழு பங்கு. ‘அதே அளவு காட்டியது, அவர் வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான். உப்புப் போர்த் தண்ணீர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு, இதற்கு நேர் எதிரான தவறு. போர்த் தண்ணீருக்குப் பயந்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் நிரப்புகிறார்கள். 1 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் செலவழிக்க ஒன்றும் இல்லை. பி.எச். சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். தொட்டி பாதி பழகி நின்றுவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன தண்ணீர்?’ என்பதுதான். போர்த் தண்ணீரும் ஆர்.ஓ.வும் பாதிப் பாதி கலந்தால் பல வீடுகளில் சரிப்பட்டுவிடும்.

———

எல்லாருக்கும் நன்றி. பழக்கல், உறை, மிதக்கவிடல், இலை கரைதல் நான்கையும் எடுத்துக்கொண்டேன். சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, வரைவை இங்கே ஒட்டுகிறேன்:

“60×30×30 செ.மீ. தொட்டிக்குச் சலித்த தோட்டத்து மண் நாலரை லிட்டர் போதும், இரண்டரை செ.மீ. உயரம் வரும். பச்சைச் சாணமோ யூரியாவோ கலந்த நர்சரி மண் ஆகாது. மண்ணை வாளியில் ஊறவைத்து, மிதக்கும் குச்சி தூசியை வடித்து, மூன்று முறை தண்ணீர் மாற்றவும். அதன்மேல் 2–3 மி.மீ. சரளை 3 செ.மீ. உயரத்துக்கு, சுமார் 8–9 கிலோ. சரளையில் ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தவிர்க்கவும். கடல் மணல் வேண்டாம்.

பழக்கல் முதல் நாளே தொடங்குகிறது. தரைப் பரப்பில் பாதிக்கு மேல் அன்றே செடி நட்டுவிட வேண்டும்: வாலிஸ்னேரியா, நீர்ப்பிரம்மி, கொஞ்சம் வேலம்பாசி. மேலே ஆகாயத்தாமரை மூன்று நான்கு விடவும். இலை காற்றில் இருப்பதால் அதற்குக் கரியமில வாயுத் தட்டுப்பாடு இல்லை, அம்மோனியாவை வேகமாக இழுக்கும். பரப்பில் பாதியை மூடியதும் மிகுதியை அள்ளி எறியவும். விளக்கு காலை நான்கு மணி நேரம், நடுவில் நான்கு மணி நேரம் ஓய்வு, மாலை நான்கு மணி நேரம். ஓய்வில் கரியமில வாயு மறுபடி சேரும்.

முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பாதித் தண்ணீர் மாற்றவும், இரண்டாம் வாரம் இரு முறை. அதன்பின் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் மட்டும் மாற்றினால் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து மீன் இருப்பதுபோலவே தினமும் ஒரு சிட்டிகை தீனி போடவும். அப்படிப் போட்டும் ஒரு வாரம் தொடர்ந்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டினால் தொட்டி பழகிவிட்டது. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உறை போட்டால் குறையும். முதலில் ஐந்து கப்பி மீன் மட்டும் விடவும். இரண்டு வாரம் கழித்து அடுத்த ஐந்து.”

———

> மீன் இருப்பதுபோலவே தினமும் ஒரு சிட்டிகை தீனி

நன்றாக நிற்கிறது அக்கா. இரண்டு திருத்தம்.

‘சிட்டிகை’ ஆளுக்கு ஆள் மாறும். 40 லிட்டருக்கு உப்புச் சிட்டிகை அளவு தீனி தாராளம், பொரித்த அப்பளத்தை நொறுக்குவதுபோல் போட்டால் பூஞ்சை கட்டும். ‘ஐந்து கப்பி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு’ என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, மண்ணிலிருந்து குமிழ் வருவதைப் பற்றி ஒரு வரி வேண்டும். சரளை வழியாகச் சின்னக் குமிழ் எழும்புவது இயல்பு. மண் கரேலென்று மாறி அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மண் உயரம் கூடிப்போனதன் அடையாளம். மூங்கில் குச்சியால் நாளுக்கு நாலைந்து இடம் மட்டும் மெல்லக் குத்திவிட வேண்டும். ஒரே நாளில் முழுக்கக் கிளறினால் மண் மேலே வந்து அம்மோனியா ஏறும், அப்புறம் ‘பழக்கம் விட்டுப்போன தொட்டி’ என்ற அத்தியாயத்துக்குத்தான் அவரை அனுப்ப வேண்டியிருக்கும். குத்துகிற இரண்டு மூன்று நாளும் இரவில் ஏர் பம்ப் ஓடட்டும்.